கஞ்சித் தொட்டியும் கால்வாயும்: வடசென்னையின் வறட்சிப் பணம்



வறட்சி நிவாரணத்துக்கும் நீர் சேமிப்புக்கும் அரசு தரும் மானிய நிதியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டீர்கள். ஒரு நீரியல் அறிஞரை அழைத்திருக்கலாம், ஒரு பொறியாளரை அழைத்திருக்கலாம். பணிக்காலம் முழுக்கப் பிறர் எழுதிய கணக்கைச் சரிபார்த்தவனை அழைத்திருக்கிறீர்கள். எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். பணம் வந்தது, செலவானது, சரி. செலவான பிறகு ஊரில் என்ன மிஞ்சியது? இந்தக் கேள்வியை எண்ணூர் முகத்துவாரம் முதல் ராயபுரம் வரையுள்ள நம் கரையில் வைத்துக் கேட்டுப் பார்க்கிறேன்.

பழைய காலத்திலிருந்தே தொடங்கலாம். ஸ்டான்லி மருத்துவமனையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஹைதர் அலியோடு நடந்த போரும் அதையொட்டி வந்த பஞ்சமும் சேர்ந்து கிராமத்து ஜனங்களைப் பட்டணத்துக்குத் துரத்திய நேரத்தில், 1782இல் இங்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். அதுதான் மணியக்காரர் சத்திரம். சத்திரத்தை ஒட்டி வைத்தியசாலை வந்தது, வைத்தியசாலை வளர்ந்து 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. ஆக, பசித்தவனுக்குப் பொதுப்பணம் கஞ்சியாக வந்து சேர்ந்த இடம் வடசென்னை. இந்த ஊரின் நிவாரண வரலாறு அங்கே ஆரம்பிக்கிறது.

அதற்கு ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பஞ்சம். சென்னைக் கடற்கரையில் கப்பலில் வந்திறங்கிய தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. வாங்கக் காசில்லாதவர்கள் அதைச் சுற்றிக் கிடந்தார்கள். அப்போது மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878இல் இரண்டு பெருந்தொகுதிகள் எழுதினார். நிவாரணத்துக்கு எத்தனை ரூபாய், எந்த அதிகாரியோடு எந்த அதிகாரிக்குச் சண்டை என்றெல்லாம் அதில் விரிவாக இருக்கிறது. தணிக்கைக்காரன் ஒருவன் ரசித்துப் படிக்கக்கூடிய புத்தகம். ஆனால் படித்துவிட்டுச் சோறு இறங்காது.

அந்தப் பஞ்சத்தில் அரசு இரண்டு வழிகளில் பணம் செலவிட்டது. ஒன்று, முகாம் வைத்துக் கஞ்சி ஊற்றுவது. இன்னொன்று, வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது. இந்த இரண்டாவது வழியில் வெட்டப்பட்டதுதான் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் கால்வாய். 1877–78இல் 30 லட்சம் ரூபாய்ச் செலவில், 22 லட்சம் ஆள்நாள் உழைப்பில் அது முடிந்தது. நம் பக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூருக்குப் போகும் கால்வாய் 1806லேயே, காக்ரேன் என்பவர் பெயரில் வெட்டப்பட்டிருந்தது. பஞ்ச வேலை நடுவிலிருந்த துண்டை இணைத்ததும் வடக்கும் தெற்கும் ஒரே நீர்வழியாயிற்று; அப்போதைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. அதன் பிறகு பல தலைமுறைகள் அதில் விறகும் உப்பும் படகில் வந்தன.

கூலி விஷயத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. வைஸ்ராயின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று 1877 தொடக்கத்தில் கூலியை வெட்டினார். மண் சுமக்கிற உடம்பு அந்த அளவில் தாங்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். நான் அந்தக் காலத்தைப் புகழவில்லை. கஞ்சிக்குக் கொடுத்த பணம் அன்றைய உயிரைக் காத்தது. கால்வாய்க்குக் கொடுத்த பணம் அதற்குப் பிறகும் ஊரில் நின்றது. இரண்டும் வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதில்தான் அன்றும் இன்றும் வழக்கு.

பஞ்சச் சட்டக்கோவை, பஞ்சக் கமிஷன் எல்லாவற்றையும் தாண்டி நம் காலத்துக்கு வந்துவிடுகிறேன். 1990இல் ஒன்பதாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலந்தோறும் பேரிடர் நிவாரண நிதி ஏற்பட்டது. 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தபின், 2010 முதல் அது மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, தேசியப் பேரிடர் நிவாரண நிதி என்று இரண்டு அடுக்காயிற்று. மாநில நிதியில் நான்கில் மூன்று பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு மாநில அரசு. அது போதாத பெரிய சேதத்துக்கு தேசிய நிதியிலிருந்து கேட்க வேண்டும். கேட்டால் மத்தியக் குழு வரும், பார்க்கும், பரிந்துரைக்கும்.

குழு எதைப் பார்க்கும்? 2016 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் திருத்தி வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டைப் புரட்டுங்கள். மழை எவ்வளவு குறைந்தது என்பது முதல் அளவுகோல். அதன் பிறகு விதைப்புப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டும் பயிர்ப் பசுமை, மண்ணின் ஈரம், அணை இருப்பு, நிலத்தடி நீர். கடைசியில் நேரில் போய்ப் பார்ப்பது: பாதிக்கப்பட்ட பகுதியில் பத்தில் ஒரு பங்கு கிராமங்களைப் பொறுக்கியெடுத்துப் பயிர்ச் சேதத்தை அளக்கிறார்கள். சேதம் 33 விழுக்காட்டைத் தாண்டினால் மிதமான வறட்சி, 50ஐத் தாண்டினால் கடும் வறட்சி.

விவசாயிக்கு இது சரியான அளவுகோல். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வாருங்கள். எந்தக் கிராமத்தைப் பொறுக்குவீர்கள்? எந்தப் பயிரை அளப்பீர்கள்? 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக மாநில அரசு அறிவித்தது. தேசிய நிதியிலிருந்து 39,565 கோடி ரூபாய் கேட்டது. மத்திய அரசு வறட்சிக்கென ஒப்புக்கொண்டது 1,748.28 கோடி. கேட்டதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மாநில அரசு விவசாயிகளுக்கு இடுபொருள் நிவாரணமாக அறிவித்தது மட்டுமே 2,247 கோடி. அது போகவேண்டிய இடத்துக்குத்தான் போனது. ஆனால் இந்தப் பேரத்தில் நகரத்துத் தெருக்குழாய் எந்த இடத்திலும் பெரிதாகத் தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நகரத்துக்கு நிவாரண விதிகளில் இருக்கும் இடம் அவசரக் குடிநீர் வழங்கல் என்ற ஒற்றை வரி. முதலில் 30 நாள், வறட்சி என்றால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதாவது லாரி.

அந்த லாரியைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். 2019 கோடையில் இந்தப் பக்கத்துச் சந்து எதிலும் பார்க்கக் கிடைத்த காட்சிதான். சிமென்ட் மேடையில் ஒரு கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. அதிலிருந்து தெருக்கோடி வரை பச்சை, நீலம், சிவப்பு என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை. வேலைக்குப் போனவர்களின் இடத்தில் உடைந்த வாளி, செங்கல், ஒற்றைச் செருப்பு. லாரி வந்து நின்றதும் கிளீனர் பையன் தடித்த ஹோஸைத் தொட்டிக்குள் இறக்குகிறான். தொட்டி நிரம்புவதற்குள்ளேயே கீழே குழாயடியில் சத்தம் ஆரம்பமாகிவிடும். 9,000 லிட்டர் லாரி என்றால் 15 லிட்டர்க் குடம் 600. நூறு வீடு இருக்கும் தெருவில் வீட்டுக்கு ஆறு குடம். குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட. டிரைவர் டிரிப் ஷீட்டை நீட்டுகிறார், தெருவில் யாரோ ஓர் அக்கா கையெழுத்துப் போடுகிறார், லாரி அடுத்த தெருவுக்குப் போகிறது.

தணிக்கையில் அந்த டிரிப் ஷீட் மிக அழகான ஆவணம். தேதி, வண்டி எண், லோடு, கையெழுத்து எல்லாம் இருக்கும். நிவாரணச் செலவைப் போல எழுதுவதற்கு எளிதான செலவு வேறில்லை. ஒவ்வொரு லோடும் அன்றே கணக்கில் ஏறி அன்றே முடிந்துவிடும். அடுத்த ஆண்டு அதே தெருவுக்கு அதே லாரி வந்தால் அது மறுபடியும் புதுச் செலவு. இதில் கேள்வி கேட்க ஒன்றுமில்லை, ஏனென்றால் மிஞ்சுவதற்கே ஒன்றுமில்லை.

2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. குடிநீர் வாரியம் நாளொன்றுக்கு 52.5 கோடி லிட்டராக விநியோகத்தைக் குறைத்திருந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து காவிரி நீரோடு 50 வேகன் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, தொலைக்காட்சிக் கேமராக்கள் சூழ வரவேற்றோம். மாநில அரசு இதற்கு 65 கோடி ஒதுக்கியிருந்தது. ஒரு ரயில் கொண்டுவந்தது 25 லட்சம் லிட்டர். நகரத்தின் அன்றைய விநியோகத்தில் இருநூறில் ஒரு பங்கு. தாகத்தில் இருப்பவனுக்கு அதுவும் தண்ணீர்தான், குறை சொல்லவில்லை.

ஆனால் அதே 2019இல் கொடுங்கையூரில் இன்னொன்று நடந்தது. அதற்கு வாழைமரம் யாரும் கட்டவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து, மறுபடி வடிகட்டி, சவ்வு வழியாக அழுத்தி, ஓசோன் ஏற்றி, ஆலைகளுக்குத் தரும் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. கொள்ளளவு நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். அதாவது பதினெட்டு ரயில். தினமும் பதினெட்டு ரயில், வரவேற்பு இல்லாமல், மணலிக்குப் போகிற குழாயில். இந்த ஒரு கணக்கை மட்டும் இன்றைக்கு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாலே எனக்குப் போதும்.

மணலி ஆலைகளுக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்று மாணவர்கள் கேட்கலாம். அதற்கு மீஞ்சூர்க் கதையைச் சொல்ல வேண்டும். 1960களின் நடுவில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வர முடிவாயின. ஆலைக்கு நீர் எங்கிருந்து? 1966 முதல் 1969 வரை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு–கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் மண்ணுக்கடியில் நல்ல நீர் நிறைய இருக்கிறது என்று கண்டார்கள். குழாய்க் கிணறுகள் இறங்கின. ஆலைகள் ஓடின. நிலத்துக்கடியில் நல்ல நீருக்கும் கடல்நீருக்கும் ஓர் எல்லை உண்டு. நல்ல நீரின் அழுத்தம் குறைந்தால் கடல் உள்ளே வரும். எடுத்த வேகத்துக்கு மழை ஈடுகொடுக்கவில்லை. கடல் வந்தது. மீஞ்சூர்ப் பக்கத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த கிணற்றடியில் உப்பு வாடை அடிக்க ஆரம்பித்தது. 1987இல் சென்னைப் பெருநகர் நிலத்தடிநீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்குள் கடல் பல கிலோமீட்டர் உள்ளே குடிவந்துவிட்டது. நிலத்தடியில் ஒருமுறை ஏறிய உப்பை இறக்குவது தலைமுறை வேலை.

இப்போது கடற்கரைக்குப் போங்கள். அதே மீஞ்சூர்ப் பெயரோடு, காட்டுப்பள்ளியில், 2010 ஜூலை 31 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஓடுகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். இந்தியாவில் இந்த அளவில் அதுதான் முதல் நிலையம். தனியார் கட்டி நடத்தி, வாரியத்துக்கு நீரை விற்கும் ஒப்பந்தம். தொடக்க விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. மண்ணுக்கடியில் கடல் இலவசமாக வந்தது. மண்ணுக்கு மேலே உப்பு நீக்கிய கடலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருபது, முப்பது ஆண்டுகள்தான்.

தெற்கே நெம்மேலியில் இதே கொள்ளளவில் இன்னொரு நிலையம் 2013இல் திறந்தார்கள். அதற்கு மத்திய அரசு ஒப்புக்கொண்ட மானியம் 871.24 கோடி. வடக்கே வந்ததற்கு விலை ஒப்பந்தம், தெற்கே வந்ததற்கு மானியம். வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று நான் சொல்லமாட்டேன். திட்டம் வகுத்த காலமும் டெல்லியில் கிடைத்த வாய்ப்பும் வேறு வேறு. ஆனால் ஐந்தொகையில் பார்த்தால், ஒரு பக்கம் ஊருக்குச் சொத்து, இன்னொரு பக்கம் ஆண்டுதோறும் கட்டவேண்டிய நீர்ப் பில்.

மணலிக்குத் திரும்புகிறேன். கழிவுநீரை ஆலைக்குத் திருப்புவதை 2019இல் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சென்னை உர ஆலையும் எண்ணெய் ஆலையும் 1990களின் தொடக்கத்திலேயே வாரியத்திடம் சுத்திகரித்த கழிவுநீரை வாங்கி, தங்கள் வளாகத்திலேயே மேலும் சுத்தம் செய்து, குளிர்விப்புக்குப் பயன்படுத்தின. ஊரே தண்ணீருக்குத் தவித்த ஆண்டுகளில் ஆலை நின்றுவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். நாட்டிலேயே இதில் முன்னோடி என்று பெயர் வாங்கிய ஆலைகள் நம் மணலியில் இருக்கின்றன. நிறையப் பழி சுமக்கிற ஊருக்கு இந்தப் பெருமையும் உண்டு என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

இந்த மண்டலத்தில் உண்மையாக நடந்த நீர் சேமிப்பு இதுதான் என்பது என் முடிவு. அதனால்தான் அடுத்த கேள்வி முக்கியம். கொடுங்கையூரிலிருந்து ஆலைக்கு ஒரு லிட்டர் போனால், ஆலைக்குப் போகவேண்டிய ஒரு லிட்டர் நல்ல நீர் மிச்சமாகிறது. அந்த மிச்சம் எங்கே போகிறது? நகரம் முழுவதற்கும் ஒரே குளம் என்று வாரியம் சொல்லும். நீரை வார்டு வாரியாகப் பெயர் எழுதி வைக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் சாக்கடை நாற்றத்தையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் குப்பைமேட்டையும் சுமப்பது கொடுங்கையூர். கிணற்றைக் கடலுக்குக் கொடுத்தது மீஞ்சூர். 2013இல் எண்ணெய்க் குழாய்க் கசிவால் நிலத்தடி நீரை இழந்தது தண்டையார்பேட்டை. மிச்சமான நல்ல நீரில் முதல் பங்கு இந்தத் தெருக்களுக்கு என்று மானிய ஆணையிலேயே ஒரு நிபந்தனை எழுத என்ன தடை? மத்திய, மாநில மானிய ஆணைகளில் பத்தி பத்தியாக நிபந்தனைகள் பார்த்திருக்கிறேன்: பெயர்ப்பலகையின் அளவு, அதில் எந்தப் படம், எந்த வண்ணம் என்பது வரை. யாருக்குத் தண்ணீர் என்று ஒரு வரியும் சேர்க்கலாம்.

இதோடு இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் வறட்டுச் சங்கதி, பொறுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் என்ற நகர்ப்புற நீர்த் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், மத்திய அரசின் பங்கு ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் திட்டச் செலவில் பாதி. ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மூன்றில் ஒரு பங்கு. பத்து லட்சத்துக்கு மேல் கால் பங்கு. 2011 வரை திருவொற்றியூர் தனி நகராட்சி, ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஜனங்கள். கத்திவாக்கமும் மணலியும் தனி நகராட்சிகள், இரண்டுமே லட்சத்துக்குக் கீழ். அந்த ஆண்டு மூன்றும் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தன. தனியாக இருந்திருந்தால் கத்திவாக்கத்துக்கு ஐம்பது விழுக்காடு மானியத் தகுதி. இன்று மாநகராட்சியின் ஒரு மண்டலத்துக்குள் அடங்கிய பகுதியாக இருபத்தைந்து. மாநகராட்சியோடு சேர்ந்ததால் பெரிய கஜானா கிடைத்தது, பெரிய திட்டங்கள் கிடைத்தன, உண்மை. கொசஸ்தலைப் படுகை மழைநீர் வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடித் திட்டம் வந்தது. வட சென்னை வளர்ச்சித் திட்டமென்று 2024 மார்ச்சில் 4,181 கோடிக்குத் தங்கசாலையில் தொடக்க விழா நடந்தது. ஆனால் வறிய சிறு ஊருக்கென்று டெல்லியில் வைத்திருந்த கூடுதல் பங்கு, ஊர் பெரியதானதும் கைநழுவியது. மக்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். விலாசம் மட்டும் மாறியது. இந்த இழப்பை மாநில அரசு தன் பங்கிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று நம் மாமன்ற உறுப்பினர்கள் கேட்டிருக்க வேண்டும்.

வறட்சி வருவதற்கு முன்பே செலவழிக்கும் பணம் என்று ஒன்று உண்டு. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குப் பேரிடர்ப் பணத்தில் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கென்று தனியே பிரித்தது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். அதில் தேசிய அளவில் வறட்சி மிகுந்த 12 மாநிலங்களுக்குச் சேர்த்து 1,200 கோடி; தமிழ்நாடு அந்தப் பன்னிரண்டில் ஒன்று. ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தணிப்புக்கு 2,500 கோடி. சென்னைக்கு மட்டும் 500 கோடி. மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த அதே வாரத்தில், 2023 டிசம்பர் 7ஆம் தேதி, மத்திய உதவி 500 கோடி அடங்கிய 561.29 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. வெள்ளம் கேமராவில் விழும்; படகு வரும், ஹெலிகாப்டர் வரும். வறட்சி மெல்ல வருகிறது. குடம் தூக்கும் பெண்ணின் இடுப்பு வலி செய்தியாவதில்லை. சென்னையின் வெள்ளத்துக்கு 500 கோடி, பன்னிரண்டு மாநிலத்தின் வறட்சிக்கு 1,200 கோடி என்ற இந்த விகிதம் தவறு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. வெள்ளமாக ஓடுவதும் கோடையில் இல்லாமற்போவதும் அதே தண்ணீர். இரண்டையும் இரண்டு தலைப்பில், இரண்டு துறையில், இரண்டு ஒப்பந்ததாரரிடம் கொடுப்பதால் வடிகால்காரர் தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் கடலுக்குத் தள்ளலாம் என்று பார்க்கிறார்; சேமிப்புக்காரர் கையில் வேலையே இல்லை.

நம் கரை மணல் கரை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மண்ணைத் தோண்டினால் மணல். மழை பெய்தால் உடனே உள்ளே இறங்கும். இறங்கிய நல்ல நீர் உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கும். பழைய வீட்டுக் கிணறுகள் எல்லாம் இந்த அடுக்கில்தான் வாழ்ந்தன. 2003இல் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. ஆகஸ்ட் 31 கெடு. அப்போது ஏரிகள் வற்றி, 2003–04இல் குழாய் விநியோகமே நின்று, ஊர் முழுக்க லாரியை நம்பியிருந்தது. மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டுக் குழாய் இறக்கினார்கள். அடுத்த நல்ல மழையில் கிணறுகளில் நீர் ஏறியதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். மானியம் ஒரு பைசா இல்லாமல் நடந்த பெரிய நீர் சேமிப்புத் திட்டம் அது. அதன் பராமரிப்புக்கும் யாரும் பணம் வைக்கவில்லை. இரண்டடிச் சந்தில் நாலு மாடி எழுப்பிய வீடுகளில் அந்தக் குழி மண்மூடிக் கிடக்கிறது. தூர் வார ஆளுக்குக் கூலியும் கொஞ்சம் ஜல்லியும் போதும். ஒரு வார்டுக்குச் சில ஆயிரம் லாரி லோடு செலவழிக்கத் தயாராக இருக்கும் விதிகள், இந்தக் கூலிக்கு இடம் தரவில்லை, ஏனென்றால் நிவாரணப் பணத்தில் நிரந்தரப் பணி செய்யக் கூடாது என்பது பழைய விதி. தாது வருஷத்து அதிகாரிகள்கூடப் பஞ்சப் பணத்தில் கால்வாய் வெட்டினார்கள் என்பதை விதி எழுதியவர்களுக்கு யாராவது நினைவூட்ட வேண்டும்.

குடிமராமத்துத் திட்டம் இங்கே வந்திருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். 2017இல் 100 கோடியில் 1,519 பணிகள், 2019–20இல் 499.68 கோடியில் 1,829 பணிகள். நல்ல பெயர் வாங்கிய திட்டம். ஆனால் அது பாசனதாரர் சங்கம் பத்தில் ஒரு பங்கு போட்டு ஏரியைச் செப்பனிடுவது. ஆயக்கட்டு இல்லாத ஊரில் சங்கம் ஏது? மணலி, கடப்பாக்கம் ஏரிகளின் நீரை நம்பியிருந்த வயல்களில் இன்று கிடங்குகளும் கன்டெய்னர் யார்டுகளும் நிற்கின்றன. ஏரி இருக்கிறது, பாசனதாரர் இல்லை. அந்த நீரின் பயனாளி இனி யார் என்று விதியில் எழுதாதவரை, அந்த ஏரிக்குச் சொந்தம் கொண்டாட ஒரு சங்கமும் வராது.

மாணவர்கள் சிலர் குறிப்பெடுப்பதைப் பார்க்கிறேன். உங்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். 2022 முதல் மாநகராட்சியில் ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும் பத்துப் பகுதி சபைகளும் இருக்கின்றன. பெரும்பாலான கூட்டங்களில் தெருவிளக்கும் குப்பையும்தான் பேசுகிறார்கள்; அவையும் பேச வேண்டியவைதான். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போய், போன கோடையில் நம் வார்டுக்கு எத்தனை லாரி லோடு வந்தது, அதற்கு எவ்வளவு செலவு என்று எழுத்தில் கேளுங்கள். அதே தொகையில் எத்தனை பழைய மழைநீர்க் குழிகளைத் தூர் வாரலாம், எத்தனை தெருவுக்குப் புதுக்குழாய் போடலாம் என்று அதே தாளில் கேளுங்கள். கொடுங்கையூர் நிலையத்திலிருந்து போன ஆண்டு ஆலைகளுக்கு உண்மையில் எவ்வளவு நீர் போனது, அதனால் மிச்சமான நல்ல நீரில் நம் மண்டலத்துக்கு எவ்வளவு வந்தது என்று வாரியத்தின் பகுதிப் பொறியாளரைக் கேளுங்கள். வாய்ப் பதிலில் திருப்தியடையாதீர்கள். பதில் எழுத்தில் வரும்வரை அடுத்த கூட்டத்திலும், அதற்கடுத்த கூட்டத்திலும் அதே தாளை நீட்டுங்கள். கிடைக்கும் எண்களை எனக்கும் அனுப்பி வையுங்கள். கூட்டிக் கழித்துப் பார்க்க நான் இருக்கிறேன்.